35 பேரில் ஒரு சிங்கிள்!

கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிறவங்களைப் பார்த்தா எல்லாரும் தவறாம கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. ''படிச்சு முடிச்சுட்டு சோப்பு கம்பெனிக்குத்தான போவீங்க?'' இனிமே அதுக்கு என்கிட்ட பதில் ரெடி. ''இல்லீங்க பாஸ்... நாங்க கிட்னிகூட செய்வோம்!''

சும்மா பந்தா இல்லை. 'மாஸ் டிரான்ஸ்ஃபர்' என்று எங்களுக்கு ஒரு பேப்பர். ஒரு மெல்லிய சவ்வு. அதற்கு இந்தப் பக்கம் அழுக்கான திரவம், அந்தப் பக்கம் சுத்தமான திரவம். இரண்டையும் எதிரெதிர் திசையில் ஓடவிட்டால், அழுக்கு மட்டும் சவ்வைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். 'ஒரே திசையில் ஓடவிடுவதைவிட எதிரோட்டம் ஏன் சிறந்தது? விளக்குக' என்பது 13 மார்க் கேள்வி. படம் போட்டு, அம்புக்குறி போட்டு, பக்கத்தை நிரப்பினால் மார்க் நிச்சயம்!

அந்தப் படத்தில் 'அழுக்கான திரவம்' என்று நாங்கள் எழுதுகிற இடத்தில் என் அத்தையின் ரத்தம் ஓடுவதை ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி... வாரத்தில் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். சனிக்கிழமை ட்யூட்டி என்னோடது. காலேஜ் திருச்சியிலேயே இருப்பதால் காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு நான்தான் துணை.

அத்தை உறையூரில் டெய்லர் கடை வைத்திருந்தவர். எங்கள் குடும்பத்தில் யார் கல்யாணம் என்றாலும் பிளவுஸ் தைப்பது அவர்தான். ''தலைவலிடி'' என்று சொல்லிக்கொண்டே வருஷக்கணக்கில் மெஷின் மிதித்தார். அந்தத் தலைவலிக்குப் பின்னால் பிளட் பிரஷர் இருந்தது, அது இரண்டு கிட்னியையும் சத்தமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தது... இதெல்லாம் தெரியவந்தபோது லேட்டாகிவிட்டது. கிட்னிக்கு அப்படி ஒரு குணம். முக்கால்வாசி போகும்வரை வாயே திறக்காது.

சாசேஜ் தோலில் பிறந்த மெஷின்

நம்ம கிட்னிகள் ஒரு நாளைக்கு வடிகட்டுகிற திரவம் எவ்வளவு தெரியுமா? சுமார் 180 லிட்டர்! அதில் ஒன்றிரண்டு லிட்டர் தவிர மிச்சம் அத்தனையையும் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிடும். இதைச் செய்ய ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் குட்டி ஃபில்டர்கள்.

இதற்கு ஒரு மாற்று செய்ய முடியும் என்று நம்பியவர் வில்லெம் கோல்ஃப் என்கிற டச்சு டாக்டர். 1943. ஹாலந்து முழுக்க ஜெர்மானிய ராணுவத்தின் பிடியில். காம்பன் என்கிற சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு, சாசேஜ் இறைச்சியைச் சுற்றுகிற செலோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி, அதற்குள் ரத்தத்தை ஓடவிட்டு, உருளையை உப்புத் தண்ணீரில் சுழலவிட்டார். ஆரம்பத்தில் அவரிடம் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே இறந்துபோனார்கள். மனுஷன் விடவில்லை. 1945-ல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் மயக்கத்திலிருந்து கண் விழித்தார். அன்று ஜெயித்தது டயாலிசிஸ்.

இன்றைக்கு அந்த உருளை, நம்ம வாட்டர் பாட்டில் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயாகச் சுருங்கிவிட்டது. டயாலைசர் என்று பெயர். உள்ளே தலைமுடி கற்றை மாதிரி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள். இழைகளுக்குள்ளே ரத்தம், வெளியே டயாலிசிஸ் திரவம். நிமிஷத்துக்கு சுமார் 500 மில்லி வீதம் அந்தத் திரவம் ஓடினால், நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். நம்ம வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணி கேன் கணக்கில் ஆறு கேன்!

ஆனாலும் ஒரு கணக்கு இடிக்கும். கிட்னி வாரத்துக்கு 168 மணி நேரமும் லீவே இல்லாமல் வேலை பார்க்கிற ஆள். மெஷின் பார்ப்பது 12 மணி நேரம். மிச்ச 156 மணி நேரம் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இந்தக் கேள்விதான் என்னை லைப்ரரிக்குத் துரத்தியது.

ரத்தத்துக்குள்ளே துரு

ஆப்பிளை நறுக்கி வைத்தால் பழுப்பாகிறது. இரும்பை மழையில் போட்டால் துருப் பிடிக்கிறது. இரண்டுக்கும் காரணம் நம்மை வாழவைக்கிற அதே ஆக்சிஜன். நம் உடம்புக்குள்ளும் ஆக்சிஜன் எரிந்து சக்தியாகும்போது கொஞ்சம் அடங்காத மூலக்கூறுகள் பிறக்கும். கிட்டே வருகிறவரிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குவதே அவற்றின் வேலை. ஆரோக்கியமான உடம்பில் அவற்றை அடக்க ஆட்கள் இருக்கிறார்கள். பிடுங்குகிறவர்கள் அதிகமாகி, அடக்குகிறவர்கள் குறைந்தால் அதற்குப் பெயர்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம், 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்'. செமஸ்டர் நேரத்து ஸ்ட்ரெஸ் எல்லாம் இதன் முன்னால் ஜுஜுபி!

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு இந்த அழுத்தம் நாலா பக்கமும் வருகிறது. வெளியேறாத கழிவுகள் ஒரு பக்கம். ரத்தசோகைக்காக ஏற்றுகிற இரும்பு ஊசி ஒரு பக்கம். டயாலைசரின் துளைகள் வழியாகக் கழிவோடு சேர்ந்து வைட்டமின் சி மாதிரியான நல்லவர்களும் வெளியே போய்விடுவது இன்னொரு பக்கம்.

நாலாவதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்று வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. கிருமியைக் கண்டால் ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தயாரித்து அடிக்கும். அதாவது, நாம் பாத்ரூம் கழுவுகிற பிளீச்சிங் பவுடருக்கு நெருங்கிய சொந்தம். பிளாஸ்டிக் சவ்வின்மேல் ரத்தம் பட்டதும் இந்த அணுக்கள் 'எதிரி வந்துட்டான்' என்று நினைத்துக் களமிறங்கிவிடும். எதிரியோ அங்கே இல்லை. அடி எல்லாம் சொந்த ரத்தத்துக்கு! பழைய செல்லுலோஸ் சவ்வுகளில் இந்தத் தொல்லை அதிகம். இப்போது வருகிற பாலிசல்ஃபோன் மாதிரியான செயற்கைச் சவ்வுகளில் குறைந்திருக்கிறது, ஆனால் முழுசாகத் தீரவில்லை.

சரி, அந்த அடியை யார் வாங்குவது?

தனியா நிற்கிறவன்

ஆல்புமின். நம் ரத்தத் திரவத்தில் அதிகமாக இருக்கிற புரதம். கல்லீரல் தயாரிப்பு. ரத்தத்தின் போர்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு அமிலம், கால்சியம், நாம் விழுங்குகிற மாத்திரை என்று எதைக் கொடுத்தாலும் சுமந்துகொண்டு ஓடும். ரத்தக் குழாய்க்குள்ளிருந்து தண்ணீர் வெளியே கசிந்து கால் வீங்காமல் பார்த்துக்கொள்வதிலும் இதற்குப் பெரிய பங்கு. யூரியாவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் எடை என்பதால், பெரும்பாலும் டயாலைசர் துளைகளில் நுழையாமல் உள்ளேயே தங்கிவிடும்.

இந்த ஆல்புமின் 585 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் கந்தகம் உள்ள சிஸ்டீன்கள் 35 பேர். ஒரு கிளாஸ் என்று நினைத்துக்கொள்ளுங்களேன். 34 பேர் ஜோடி ஜோடியாகக் கைகோத்து 17 ஜோடி. மிச்சம் ஒரே ஒருத்தன் மட்டும் சிங்கிள்! சங்கிலியில் 34-வது இடத்தில் இருக்கிற சிஸ்டீன். கை கோக்க ஆள் இல்லாமல் நிற்கிற அவன் என்ன செய்கிறான் தெரியுமா? பிடுங்க வருகிற ரவுடி மூலக்கூறுகளை, 'வா, எங்கிட்ட எடுத்துக்கோ' என்று தன்மேல் வாங்கிக்கொள்கிறான். மற்றவர்கள் தப்பிக்கிறார்கள்.

நல்ல ஆரோக்கியமான ஆளின் ஆல்புமினில் சுமார் முக்கால் பங்கில் இந்த சிங்கிள் அடிபடாமல் இருப்பான். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அந்தப் பங்கு குறைந்துவிடுகிறது. 1996-ல் பாரிஸின் நெக்கர் ஆஸ்பத்திரி ஆய்வாளர்கள், டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்த புரதங்கள் குவிந்திருப்பதை அளந்து காட்டினார்கள். 2001-ல் ஜோனாதன் ஹிம்மல்ஃபார்பும் அவருடைய சக ஆய்வாளரும் அமெரிக்காவிலிருந்து எழுதிய கட்டுரை, ரத்தப் புரதங்களில் இந்த அடியைப் பெருமளவு தாங்குவது ஆல்புமின்தான் என்று சொன்னது.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. சில அடிகள் ஆறக்கூடியவை. டயாலிசிஸ் முடிந்ததும் அடிபட்ட சிங்கிள்களில் ஒரு பகுதி பழைய நிலைக்குத் திரும்புகிறது. அடுத்த முறை வருவதற்குள் மறுபடி அடிபடுகிறது. சவ்வில் படும்போது ஒரு அடி கொடுக்கிற அதே மெஷின்தான் கழிவை எடுத்து மருந்தும் போடுகிறது. சில அடிகள் ஆறவே ஆறாது. அப்போது புது ஆல்புமின் வந்தால்தான் உண்டு. நம் ரத்தத்திலுள்ள ஆல்புமினில் பாதி சுமார் 19 நாளில் மாறிவிடும். புதுசை கல்லீரல் செய்யவேண்டும். செய்ய, சாப்பாட்டில் புரதம் வேண்டும்.

இந்த இடத்தில் என் நோட்டை மூடிவிட்டு அத்தை வீட்டு ஃபிரிட்ஜை நினைத்துப் பார்த்தேன். பகீர் என்றது!

ஃபிரிட்ஜில் ஒட்டிய சார்ட்

அத்தை வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு டயட் சார்ட். 'பருப்பு குறைக்கவும். முட்டை, மீன் குறைக்கவும்.' டயாலிசிஸ் ஆரம்பிப்பதற்கு முன்னால், மிச்சமிருக்கிற கிட்னிக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. அன்றைக்கு அது சரி. டயாலிசிஸ் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியும் அந்தத் தாள் அப்படியே இருந்தது. 'குறைக்கவும்' என்பது எங்கள் அப்பத்தாவின் ஆட்சியில் 'தொடவே கூடாது' என்றாகியிருந்தது. அத்தைக்கு மூணு வேளையும் ரசம் சாதம், இட்லி, கஞ்சி.

எல்லோரும் ரிப்போர்ட் வந்தால் கிரியேட்டினின் மட்டும் பார்ப்பார்கள். நான் கீழே போய் ஆல்புமின் வரியைப் பார்த்தேன். 3.1. டெசிலிட்டருக்கு 3.5-லிருந்து 5 கிராம் வரை இருக்கவேண்டியது.

அந்த எண் எனக்கு ஏன் பயமாக இருந்தது என்றால், 1990-ல் அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனைகளை அலசிய லாரியும் லூவும், யார் பிழைப்பார்கள் என்பதை மற்ற எந்தப் பரிசோதனையையும்விட ஆல்புமின்தான் அழுத்தமாகச் சொல்கிறது என்று கண்டிருந்தார்கள். அந்த வரியைப் படித்துவிட்டு ராத்திரி ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை.

''அப்பத்தா, அத்தைக்கு தினம் முட்டை குடுக்கணும்'' என்றேன், ஞாயிற்றுக்கிழமை.

''ஏண்டி, நாலு எழுத்துப் படிச்சுட்டா நீ டாக்டரா? என் மவளுக்கு முட்டையக் குடுத்துக் கொல்லப் பாக்குறியா?''

பாவம், அப்பத்தாவைச் சொல்லிக் குற்றமில்லை. மகளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி அந்தத் தாள். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. கடையைப் பூட்டின நாளிலிருந்தே அவர் அதிகம் பேசுவதில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு வில்லன். தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர், ஆள் சேர்த்து ஆள் சேர்த்து விற்கிற வியாபாரத்தில் இருப்பவர், ஒரு பாட்டிலோடு வந்தார். ''பழச்சாறும்மா. முழுக்க முழுக்க ஆன்ட்டி ஆக்ஸிடென்ட். இதைக் குடிச்சா மெஷினே வேண்டாம்!'' விலை 1,800 ரூபாய். எங்க வீட்டில் எல்லோர் கண்ணிலும் ஒரு வெளிச்சம். அத்தை கண்ணிலும்.

ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கிறது என்றால் நல்லதுதானே? நானும் அதைத்தான் தேடினேன். 2000-ல் 'லான்செட்' இதழில் இஸ்ரேல் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. 196 டயாலிசிஸ் நோயாளிகள். பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. இதய, ரத்தக்குழாய் பாதிப்பு வந்தவர்கள் வைட்டமின் ஈ பக்கம் 15 பேர், வெறும் மாத்திரை பக்கம் 33 பேர். அடடா என்று இருந்ததா? 2014-ல் அமெரிக்காவில் 353 பேரிடம் வைட்டமின் ஈயோடு ஆல்ஃபா லிபோயிக் அமிலமும் சேர்த்து ஆறு மாசம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் அளவுகோல்கள் அசையவே இல்லை. ஆராய்ச்சியாளர்களே அடக்கி வாசிக்கிற இடத்தில் அந்த பாட்டில் ஆசாமி மைக் பிடிக்கிறார்!

அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கிற பொட்டாசியம். பழச்சாறு, இளநீர் எல்லாம் நமக்கு அமிர்தம். சிறுநீர் போகாதவருக்கு அந்தப் பொட்டாசியம் வெளியேற வழியில்லை. அது ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். வைட்டமின் சி மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொள்ளவும் முடியாது. அளவு மீறினால் ஆக்சலேட்டாக மாறி உடம்பில் தங்கிவிடும்.

அடுத்த சனிக்கிழமை பாட்டிலையும் ஃபிரிட்ஜ் சார்ட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். மாமாவையும் கூட்டிக்கொண்டுதான். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சார்ட்டைப் பார்த்ததும், ''இது டயாலிசிஸுக்கு முன்னாடி குடுத்ததும்மா. இப்போ ரூலே வேற!'' என்றார். பாட்டிலின் லேபிளைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குப்பைக்கூடையைக் காட்டினார்.

டயட்டீஷியன் அக்கா வந்து கணக்குப் போட்டார். டயாலிசிஸ் செய்கிறவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1-லிருந்து 1.2 கிராம் புரதம். அத்தை 50 கிலோ. ஆக, தினம் 50-லிருந்து 60 கிராம். ஒவ்வொரு டயாலிசிஸிலும் அமினோ அமிலங்கள் கொஞ்சம் வெளியே போய்விடுவதால் அதையும் ஈடுகட்டவேண்டும். மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் வெள்ளைக் கரு. அளவாக மீன். ''ஆனா ஒண்ணும்மா... ஆல்புமின் குறையறதுக்கு சாப்பாடு மட்டும் காரணம் இல்ல. உடம்புல எங்கேயாவது அழற்சி இருந்தாலும் கல்லீரல் ஆல்புமின் செய்யறதைக் குறைச்சிடும். ரெண்டையும் பார்க்கணும்'' என்றார். அன்றைக்கே அத்தையின் பல்லில் இருந்த பழைய சீழுக்கு டென்ட்டிஸ்ட்டிடம் சீட்டு எழுதினார் டாக்டர்.

இன்னொரு விஷயம். ஒருவருக்குச் சொன்ன கணக்கு இன்னொருவருக்குப் பொருந்தாது. சர்க்கரை இருக்கிறதா, சிறுநீர் போகிறதா, பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துத்தான் தட்டு மாறும். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் நேராக முட்டைக் கடைக்கு ஓடாமல், டாக்டரிடம் ஓடவும்!

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜிலிருந்த பழைய டேப்பைச் சுரண்டி எடுத்தவர் மாமா. புதுத் தாளை ஒட்டினவரும் அவரே. அப்பத்தா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூணாவது நாள் போனில், ''ஏண்டி, வெள்ளைக் கருவுல மிளகு போடலாமா?'' என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நாலு மணி நேரம்

மூணு மாசம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் ஆல்புமின் 3.4. சினிமாவில் வருகிற மாதிரி ஒரே பாட்டில் எல்லாம் மாறிவிடவில்லை. அத்தை இன்னமும் சனிக்கிழமை நாலரை மணிக்கு எழுந்திருக்கிறார். இன்னமும் ஒரு டம்ளர் தண்ணீரை நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துக் குடிக்கிறார். மாற்றுக் கிட்னிக்காகப் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். ஆனால், மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்காருவதில்லை. போன மாசம் என் தங்கையின் பாவாடைக்குக் கரை வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஒரு கையால் துணியைப் பிடித்தபடி, ஃபிஸ்டுலா போட்ட இடது கையை மட்டும் குழந்தை மாதிரி பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு!

அந்தக் கையில் காது வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? தேனீ ரீங்காரம் மாதிரி 'ர்ர்ர்ர்' என்று ரத்தம் ஓடுகிற சத்தம். தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம் அது. டெய்லர் அத்தைக்கு அந்தத் தையல் ரொம்பப் பிடித்திருக்கிறது. ''சுருக்கமே இல்லாம தைச்சிருக்கான்டி டாக்டர்'' என்பார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது 'தலைவலி' என்று சொல்லிக்கொண்டே வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு பி.பி. செக்கப், ஒரு சர்க்கரை டெஸ்ட், ஒரு கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு டெஸ்ட். நம்ம ஒரு மாச டேட்டா பேக், ரெண்டு பிரியாணிக் காசில் முடிகிற விஷயம். அப்பா அம்மாவை இந்த லீவிலேயே இழுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

ஏற்கெனவே டயாலிசிஸில் யாராவது இருந்தால், ஒரு தடவையாவது அந்த நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து பெட்டில் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர் இருக்கிறார். ஒருத்தர் வராத சனிக்கிழமை மற்றவர்கள் முகம் மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ஒன்பது மணிக்கு அவர் லேட்டாக வந்து சேர்ந்ததும், ''என்ன வாத்தியாரே, கிளாஸுக்கு லேட்டா?'' என்று ஆட்டோ அண்ணன்தான் முதலில் சிரிப்பார்.

அவர்களுக்கு எல்லாம் அந்த 34-வது ஆள் கதையைச் சொன்னேன். ரெண்டு பக்கமும் சிரிப்பு. அத்தை மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

''தனியா நிக்கிறவன்தான்டி எல்லார் அடியையும் வாங்கணும்னு எழுதியிருக்கு. பரவால்ல விடு. அவனுக்கு நாம ஒரு முட்டையாவது வாங்கிக் குடுப்போம்!''